டாக்டர், பள்ளி திறக்கப் போகிறார்கள்... பிள்ளைகளை அனுப்பலாமா?

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு அம்மா இந்த 2021 செப்டம்பரில் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினான்கு வயது, இளையவளுக்கு எட்டு. இளையவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. தினமும் காலையும் இரவும் இன்ஹேலர், கடைசியாக மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடியது கொரோனாவுக்கு முந்தைய வருடம். வீட்டில் மாமியாரும் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டாயிற்று. ஒன்றரை வருடமாக மூடிக் கிடந்த பள்ளி, அடுத்த மாதம் திறக்கிறோம் என்று சொல்லி ஒரு சம்மதப் படிவம் அனுப்பியிருக்கிறது. தொற்று ஏற்பட்டால் பள்ளி பொறுப்பல்ல என்று அதில் ஒரு வரி. அன்றிலிருந்து பெற்றோரின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. நாளைக்கே திறங்கள், பிள்ளைகள் வீணாகிறார்கள் என்று ஒரு கட்சி. ஒரு கேஸ்கூட இல்லாத நாள் வரட்டும், இல்லையென்றால் குழந்தைகளுக்கும் ஊசி வரட்டும், அதுவரை பள்ளிப் படி மிதிக்க விடமாட்டோம் என்று இன்னொரு கட்சி. நம் வாசகி இரண்டாவது, அவர் கணவர் முதலாவது. "உங்களுக்குப் பிள்ளையைவிட மார்க்தான் முக்கியமா?" என்று யாரோ குழுவில் கேட்டது தன் கணவரைத்தான் என்று கவனிக்காமல் இவர் அதன் கீழே கைதட்டும் ஸ்மைலி போட்டுவிட, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம்.

இப்போது பெற்றோர் கூட்டத்தில் இவரைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கேள்விகள் கேட்கிறார். பள்ளியை எப்போது திறப்பது சரி? இளையவளை அனுப்பலாமா, ஊசி வரும்வரை காத்திருப்பதா? பிள்ளைகள் மூலமாக மாமியாருக்கு வந்துவிட்டால் பழி யாருக்கு?

இனி உங்களிடமே பேசுகிறேன் அம்மா.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். உங்கள் பகுதியில் தொற்று ஏறுமுகமாக இல்லாத பட்சத்தில், மூத்தவனைப் பள்ளி திறக்கும் முதல் நாளே அனுப்புங்கள். இளையவளை, அவள் உட்காரப் போகும் வகுப்பறையை நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு, இழுப்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடமும் காட்டிவிட்டு அனுப்புங்கள். அதற்கு ஓரிரு வாரம் ஆகலாம், மாதக் கணக்கில் இழுக்க வேண்டாம். உங்கள் குழுவில் நடக்கும் சண்டை முழுக்கத் தேதியைப் பற்றியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தேதியை விட்டுவிட்டு, அந்த அறையில் காற்று ஓடுமா, வகுப்பில் முதல் கேஸ் வரும் நாளில் பள்ளி என்ன செய்யும் என்ற இரண்டையும்தான் பிடித்துக்கொள்வேன்.

ஒரு கேஸ்கூட இல்லாத நாள்

அப்படி ஒரு நாள் வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். 2021 ஜூலையில் ஐ.நா.வின் குழந்தைகள், கல்வி அமைப்புகளான யுனிசெஃப், யுனெஸ்கோ இரண்டின் தலைவர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள். கேஸ் பூஜ்யமாகும்வரை பள்ளிகள் காத்திருக்க முடியாது, எல்லா ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஊசி போட்டு முடியும்வரையும் காத்திருக்க முடியாது, மூடுவதென்றால் கடைசியாகப் பள்ளியை மூடுங்கள், திறப்பதென்றால் முதலில் பள்ளியைத் திறங்கள் என்பதுதான் அதன் சாரம். அப்போது மூடிய பள்ளிகளால் பாதிக்கப்பட்டிருந்த பிள்ளைகள் 15 கோடிக்கு மேல்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லவில்லை. பார்க்க வேண்டியது, தொற்று ஏறுகிறதா இறங்குகிறதா, நூறு டெஸ்டில் எத்தனை பாசிட்டிவ், ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறதா என்பவற்றை. கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவுகோல்களில் ஒன்று, நூற்றுக்கு ஐந்துக்கும் கீழான பாசிட்டிவ், அதுவும் தொடர்ந்து இரண்டு வாரம். உங்கள் பகுதியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, படுக்கை கிடைக்கவில்லை என்றால் தள்ளிப்போடச் சொல்லுங்கள், அப்போது நானும் உங்கள் கட்சி.

எப்படித் திறப்பது என்பதில் இரண்டு நாடுகளைப் பார்க்கலாம். டென்மார்க் 2020 ஏப்ரல் 15-ம் தேதியே சின்ன வகுப்புகளைத் திறந்தது, ஐரோப்பாவில் அதுதான் முதல். அங்கேயும் பெற்றோர் சண்டை இல்லாமல் இல்லை. என் பிள்ளை உங்கள் சோதனைக்கு எலியா என்று ஆயிரக்கணக்கானோர் முகநூலில் திரண்டார்கள். ஆனால் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒரு குழு இன்னொரு குழுவோடு கலக்காமல் பார்த்துக்கொண்டு, முடிந்தவரை வெளியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். பெரிய பரவல் எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் இஸ்ரேல் எல்லா வகுப்புகளையும் ஒரே வீச்சில் திறந்தது. வகுப்புக்கு 35-க்கு மேல் பிள்ளைகள். போதாக்குறைக்கு வெயில் கொளுத்தியதால் மாஸ்க் போட வேண்டாம் என்று மூன்று நாள் விலக்கு, ஏசி நாள் முழுக்க ஓட்டம். ஜெருசலேமில் ஒரே பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று. டென்மார்க்தான் முந்தித் திறந்தது, அடி வாங்கியது பிந்தித் திறந்த நாடு. தேதிக்காக நீங்கள் போடும் சண்டையில் எனக்கு ஏன் அவ்வளவு ஆர்வம் இல்லை என்று இப்போது புரியும்.

குழந்தைகளுக்கு வராதா, குழந்தைகளைத்தான் தாக்குமா?

இரண்டு கட்சியும் ஆளுக்கொரு தப்பை வைத்திருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வரவே வராது என்பது தப்பு. வரும், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவவும் செய்யும், குறிப்பாக டெல்டா என்ற வேகமாகப் பரவும் வகை வந்த பிறகு. அடுத்த அலை குழந்தைகளைக் குறிவைத்துத் தாக்கும் என்று உங்களுக்கு வந்த ஃபார்வேர்டும் தப்பு. பெரியவர்களில் நிறையப் பேர் ஊசி போட்டுக்கொண்டதால், மீதியிருக்கும் கேஸ்களில் குழந்தைகளின் பங்கு கூடித் தெரிகிறது. வந்தாலும் மிகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சல், சளி, அதோடு சரி.

அபூர்வமாக ஒன்று நடக்கும், அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தொற்று வந்துபோய் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் சில குழந்தைகளுக்கு உடம்பு முழுக்க அழற்சி வரும், எம்ஐஎஸ்-சி என்று பெயர். விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி என்று சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சீக்கிரம் போனால் நல்ல சிகிச்சை இருக்கிறது.

வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள்

பள்ளி அனுப்பிய ஏற்பாடுகளின் பட்டியலைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, சானிடைசர் ஸ்டாண்டு, தினமும் பெஞ்சுகளுக்கு மருந்து அடிப்பது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோய் முக்கியமாகக் காற்றில் பரவுகிறது, மேசையைத் தொட்டு வருவது மிகக் குறைவு. அறிகுறி வருவதற்கு ஓரிரு நாள் முன்னாலேயே ஒருவர் பரப்ப ஆரம்பித்துவிடுவார், அந்த நேரத்தில் அவருக்குக் காய்ச்சலே இருக்காது, வாசலில் நெற்றியைச் சுட்டுப் பார்த்து என்ன பயன்? அந்தப் பட்டியலில் ஜன்னல் என்ற சொல்லே இல்லை. எனக்கு இடித்தது அதுதான்.

அதனால் நேரில் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜன்னல்கள் திறக்கின்றனவா, இல்லை பெயின்ட் அடித்து ஒட்டிக்கொண்டுவிட்டனவா என்று கையால் தள்ளிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருக்கிறதா? ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்து ஜன்னலருகே பிடியுங்கள், அது உள்ளேயோ வெளியேயோ சாய வேண்டும், சும்மா தொங்கினால் காற்று நகரவில்லை. மேலே சுற்றும் ஃபேன் இருக்கிற காற்றையே கலக்கும், அவ்வளவுதான். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்கவைத்தால் அது உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிடும். ஏசி அறை என்றால் இன்னும் கவனம். பெற்றோர் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கிப் பள்ளிக்குக் கொடுக்கலாம். வெளிக்காற்றில் அது 400-க்குச் சற்று மேலே காட்டும். பிள்ளைகள் நிரம்பிய அறையில் 800-க்குள் நின்றால் நிம்மதி, 1500-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இது ஒன்றும் புது ஞானம் இல்லை. காசநோய் ஊரை வாட்டிய காலத்தில், 1908-ல், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் கடும் குளிரிலும் ஜன்னல்களை விரியத் திறந்துபோட்டு, பிள்ளைகளைப் போர்வைப் பைக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். நூறு வருடம் கழித்து நாம் சானிடைசர் வாங்கிக்கொண்டிருக்கிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காற்று மட்டும் போதுமா என்றால் போதாது. கலிபோர்னியாவில் மரின் என்ற இடத்தில் 2021 மே மாதம் நடந்தது இது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருந்த வகுப்பறை, காற்றைச் சுத்தம் செய்யும் கருவியும் உண்டு, மேசைகளுக்கு இடையே ஆறடி. ஊசி போடாத ஆசிரியை ஒருவர் மூக்கடைப்பும் அசதியும் இருந்தும் அலர்ஜி என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும்போது மாஸ்கைக் கழற்றினார். 24 பேரில் 12 பேருக்குத் தொற்று. முன்னிரண்டு வரிசையில் பத்துக்கு எட்டு, பின்வரிசைகளில் பதினான்குக்கு நாலு. ஆகவே பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது, ஆசிரியர்களும் வேன் ஓட்டுபவர்களும் மற்ற ஊழியர்களும் ஊசி போட்டாயிற்றா, உடம்பு சரியில்லை என்றால் சம்பளப் பிடித்தம் இல்லாமல் லீவு உண்டா என்று. இரண்டாவதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. லீவு கொடுக்காத பள்ளியில் இருமிக்கொண்டே வேலைக்கு வருவார்கள், அவர்கள் மேல் தப்பு சொல்லிப் பயனில்லை. அதோடு, இந்த நோயில் பிள்ளைகளைவிட ஆபத்து அதிகம் ஐம்பது வயது ஆசிரியருக்குத்தான், அவர் பயத்தைப் பற்றி உங்கள் குழுவில் யாராவது ஒரு வரி எழுதினார்களா?

ஆறடி இடைவெளி இல்லாவிட்டால் திறக்கவே கூடாது என்று ஒருவர் அடம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். எல்லோரும் மாஸ்க் போட்டால் வகுப்பறையில் மூன்றடி போதும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே 2021 மார்ச்சில் மாற்றிக்கொண்டது. மாஸ்கைக் கழற்றும் நேரம்தான் சிக்கல். அதனால் சாப்பிடுவதை மட்டும் வெளியிலோ, வகுப்பு வகுப்பாகப் பிரித்தோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இளையவளின் இழுப்பு

இழுப்பு இருந்தாலே கொரோனா உயிருக்கு ஆபத்து என்று நினைக்கிறீர்கள். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா குழந்தைகளுக்கு அப்படி ஒரு பெரிய கூடுதல் ஆபத்தைக் காட்டவில்லை. உங்கள் மகள் இத்தனை நாளாக ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை, நல்ல விஷயம். ஆனால் அதில் ஒரு பங்கு அவள் யாரையும் பார்க்காததால் வந்தது. பள்ளி திறந்தால் கொரோனா வராவிட்டாலும் சாதாரணச் சளிக் கிருமிகள் திரும்பி வரும், இழுப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அவைதான். ஆகவே தினசரி இன்ஹேலரை, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டு இருக்கிறதே என்ற பயமும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போகும் அந்த அளவு சின்னது. அவசரத்துக்கான இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) ஒரு செட் பையில் இருக்கட்டும், எப்போது எத்தனை முறை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மருந்தைப் புகைபோலாக்கித் தரும் நெபுலைசர் பள்ளியில் வேண்டாம். அது நீர்த்துளிகளை அறை முழுக்கப் பரப்பும், ஸ்பேசர் அதே வேலையைச் செய்துவிடும். மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுக்குள் இருக்கும் இழுப்புக்காரப் பிள்ளைகள் தாராளமாகப் போடலாம். விளையாடும்போது வெளியில் கழற்றிக்கொள்ளட்டும்.

ஊசிக்குக் காத்திருப்பது பற்றி. இதை எழுதும் 2021 செப்டம்பரில், பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு ஃபைசர் ஊசிக்குப் பல நாடுகள் அனுமதி கொடுத்துவிட்டன. எட்டு வயதுக்குப் பெரும்பாலான இடங்களில் இன்னும் இல்லை, எப்போது வரும் என்று யாரும் தேதி தர முடியாது. உங்கள் பகுதியில் அனுமதி இருந்தால் மூத்தவனுக்குப் போட்டுவிடுங்கள், வந்ததும் இளையவளுக்கும். அதுவரை வீட்டுக்குள் வைத்திருந்தால் அவளுக்கு வேறு விலை இருக்கிறது. நெதர்லாந்தில் பள்ளிகள் மூடியிருந்தது எட்டு வாரம்தான், வீட்டுக்கு வீடு நல்ல இன்டர்நெட் உள்ள நாடு. அங்கேயே அந்த நாட்களில் பிள்ளைகள் கிட்டத்தட்ட எதுவும் கற்கவில்லை என்று தேர்வு முடிவுகளை ஒப்பிட்டவர்கள் கண்டார்கள். உங்கள் மகளுக்கு இது ஒன்றரை வருடம், அதுவும் வாசிக்கப் பழகும் வயதில். டியூஷன் வைத்துப் பிடித்துவிடலாம் என்கிறீர்கள். கணக்கைப் பிடிக்கலாம், சக வயதுப் பிள்ளையோடு சண்டை போட்டுச் சமாதானமாவதற்கு டியூஷன் கிடையாது.

மூத்தவன்

கடிதத்தில் ஆறு பக்கம் இளையவளைப் பற்றி, மூத்தவனைப் பற்றி ஒரே பத்தி. "அவனால் தொந்தரவே இல்லை டாக்டர், வீட்டிலேயே சந்தோஷமாக இருக்கிறான்" என்று ஆரம்பித்து, ராத்திரி மூன்று மணிக்குத் தூங்குகிறான், ஆன்லைன் வகுப்பில் கேமராவைப் போடுவதே இல்லை, சாப்பாட்டை அறைக்கே எடுத்துப் போகிறான், நண்பன் போன் செய்தால் குளிக்கிறேன் என்று சொல்லிவிடச் சொல்கிறான் என்று அடுத்தடுத்து எழுதிவிட்டு, திரும்ப இளையவளின் இன்ஹேலருக்குப் போய்விட்டீர்கள். நான் அந்தப் பத்தியைத்தான் மூன்று முறை படித்தேன். பதினான்கு வயதில் நண்பனின் போனைத் தவிர்க்கும் பையனைச் சந்தோஷமாக இருக்கிறான் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் பள்ளி மூடியதால் அதிகம் அடிபட்டது அவன் என்றுதான் எனக்குப் படுகிறது.

பள்ளி திறந்ததும் அவன் போக மாட்டேன் என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. காலையில் வயிற்று வலி, தலைவலி என்று வரலாம், நடிப்பு என்று திட்டாதீர்கள், வலி நிஜம்தான், காரணம்தான் வேறு. இப்போதிருந்தே தூங்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள், ஒரே ராத்திரியில் மூன்று மணியைப் பத்தாக்க முடியாது. பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு நண்பனையாவது வெளியில் எங்காவது பார்க்கவையுங்கள், ஒருவன் போதும். அப்பாவும் அம்மாவும் எதிரெதிர்க் கட்சியாக இருக்கும் வீட்டில், போக விரும்பாத பையன் உங்கள் பயத்தின் பின்னால் சுலபமாக ஒளிந்துகொள்வான் என்பதையும் யோசியுங்கள். பள்ளிக்குப் போக ஆரம்பித்து மூன்று, நாலு வாரம் ஆகியும் இப்படியே இருந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் இன்னும் மோசமானாலோ ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஒரு பேச்சு எப்போதாவது வந்தால் வாரக் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே.

மாமியார் விஷயத்தில் நீங்கள் பயப்படும் அளவு இல்லை. இரண்டு டோஸும் போட்டு இரண்டு வாரம் கடந்தவருக்கு நோய் முற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். பிள்ளைகளில் ஒருவருக்குத் தொண்டை வலி, காய்ச்சல் என்றால் டெஸ்ட் முடிவு வரும்வரை பாட்டியின் அறைக்குள் போக வேண்டாம், மற்ற நாட்களில் அவரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள். பழி யாருக்கு என்கிறீர்கள். நீங்களும் கணவரும் தினமும் வேலைக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டுதானே இருக்கிறீர்கள், வைரஸ் எந்த வழியாக வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடிக்கவே முடியாது. எட்டு வயதுப் பிள்ளையின் காதில் "உன்னால்தான் பாட்டிக்கு" என்ற பேச்சு எந்தக் காரணத்துக்காகவும் விழக் கூடாது. இப்போதே வீட்டில் எல்லோருமாகப் பேசி வையுங்கள், மாமியாரையும் கேளுங்கள். அவருக்கும் ஒரு கருத்து இருக்கும்.

கூட்டத்தில் என்ன பேசுவது

தேதியை விடுங்கள், முதல் கேஸைப் பிடியுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் பெற்றோருக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள், அந்த ஒரு வகுப்பை மட்டும் வீட்டுக்கு அனுப்புவீர்களா இல்லை பள்ளியையே மூடுவீர்களா, அந்தப் பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வீர்களா, வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அன்றைய பாடம் எப்படிக் கிடைக்கும். எழுத்தில் பதில் கேளுங்கள். ஒவ்வொரு கேஸுக்கும் பள்ளியையே மூடித் திறந்தால் ஒரு மாதத்தில் எல்லோரும் சலித்துப்போவார்கள், சலிப்பு வந்தால் காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை அனுப்ப ஆரம்பிப்பார்கள். இதனால்தான் முழு வருகைக்குப் பரிசு, பாராட்டு என்று எதுவும் இந்த வருடம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சில வீடுகளில் உண்மையிலேயே அனுப்ப முடியாத நிலை இருக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் அம்மா, உறுப்பு மாற்று செய்துகொண்ட பிள்ளை. அவர்களுக்கு ஆன்லைன் தொடர வேண்டும் என்று அனுப்பும் கட்சிக்காரர்களே கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

படிவத்தில் அந்த ஒரு வரி பற்றி. நான் டாக்டர், அதன் சட்ட மதிப்பை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்பதும், பள்ளி தன் கடமையைச் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்பதும் ஒன்றல்ல. "வகுப்பறைக் காற்றோட்டம், மாஸ்க், தொற்று பற்றிய உடனடித் தகவல் ஆகியவற்றைப் பள்ளி உறுதிசெய்யும் என்ற அடிப்படையில் அனுப்புகிறேன்" என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெற்றோர் இப்படியே எழுதிக் கொடுத்தால் பள்ளி படிவத்தையே மாற்றவும் கூடும்.

இன்னொன்று, யாரும் கேட்காதது. பிள்ளைகளின் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். இந்த ஒன்றரை வருடத்தில் ஆஸ்பத்திரிக்குப் பயந்து வழக்கமான ஊசிகளைத் தவறவிட்ட குடும்பங்கள் ஏராளம், தட்டம்மை கொரோனாவைவிடச் சுலபமாக வகுப்பறையில் பரவும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் பள்ளி திறப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், இழுப்புக்காக டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றே முடித்துக்கொள்ளலாம்.